மணிக்கட்டிலிருந்து மூன்று விரல்

என் கணவருக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தபோது, அறுவைச் சிகிச்சையை எங்கே செய்துகொள்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கிள்ளானில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்த மருத்துவமனை இருந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வார்டில் பாதிப் பேர் என்னிடம் வேலை பழகியவர்கள். அவரைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனபோது "மிஸ்ஸியோட வீட்டுக்காரர், பாத்து" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

வயிற்றில் நான்கு சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் சிகிச்சைதான். காலையில் முடிந்துவிட்டது. மத்தியானம் மயக்கம் தெளிந்ததும் வாந்தி ஆரம்பித்தது.

வாந்தி எடுப்பவரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு கை நெற்றியில், ஒரு கை முதுகில். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். தையல் இழுக்காமல் இருக்க வயிற்றின் மேல் ஒரு தலையணையை அழுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்ததை அன்று அவருக்குச் செய்தேன். ஓர் ஊசி மருந்து போட்டார்கள். நிற்கவில்லை. வேறொன்று போட்டார்கள். வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் வெறுமனே குமட்டிக் குமட்டி, கண்ணோரம் நீர் வழிய, பற்களைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்தார். என் மகள் வயதுப் பெண். "ஆன்டி, நம்ம பாரம்பரிய மருத்துவப் பிரிவுல ஒருத்தங்க இருக்காங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் வாந்தி நிக்காதவங்களுக்கு அக்குபங்சர் போடுவாங்க. கூப்பிடவா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது ஊசி இப்பதானே போட்டீங்க. கொஞ்சம் பாக்கலாம் லா," என்றேன்.

கட்டிலிலிருந்து என் கணவர், "கூப்பிடுங்க டாக்டர்," என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

வந்தவள் ஒரு சீனப் பெண்மணி. எங்கள் வயதுதான். குட்டை முடி, துணிச் சப்பாத்து, கையில் ஒரு சின்னத் தட்டு. அவரிடம் மலாயில் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு அவருடைய இடது கையின் மூன்று விரல்களை எடுத்து அவருடைய வலது மணிக்கட்டின் மேலேயே பதித்து அளந்தாள். அந்த விரல்கள் முடிகிற இடத்தில், உள்ளங்கைப் பக்கம், இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். முடி போல மெல்லிய ஊசி. அது இறங்கியதை நான் பார்க்கக்கூட இல்லை.

"ஐயோ அம்மா," என்று அவர் முனகினார். வலியில் இல்லை, பயத்தில்.

"அம்மாவ எதுக்குக் கூப்பிடுறீங்க. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு," என்றாள் அவள். நல்ல தமிழில்.

என் கணவர் கண்ணைத் திறந்தார். "தமிழ் எங்க படிச்சீங்க?"

"படிக்கல. காப்பார்ல பொறந்தேன். எஸ்டேட்டுக்கு எதுக்க எங்க அப்பா கடை வச்சிருந்தாரு."

அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். "கடைத் தவுக்கே மகளா நீ?"

அவளும் குனிந்து பார்த்தாள். "வாயத் திற," என்றாள். அவர் திறந்தார். முன்பல்லின் உடைந்த முனையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மிட்டாய் டப்பாவுல கைய விட்டுட்டு, எங்க அப்பா தொரத்தினதும் சைக்கிளோட கால்வாய்ல விழுந்தவன்தானே. கைய ஆட்டாதடா, ஊசி இருக்கு."

டா என்றாள். அவருடைய அக்காமார் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அந்தப் பல் பந்து விளையாடும்போது உடைந்தது என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். முப்பத்தொரு வருடமாக நானும் அதை நம்பியிருந்தேன்.

இருபது நிமிடம் ஊசி இருந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எடுத்த பிறகு அவர் தண்ணீர் கேட்டார். ஒரு மடக்கு குடித்தார். நான் கிண்ணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் உள்ளேயே இருந்தது. இன்னொரு மடக்கும் இருந்தது.

"உன் கையில என்னமோ இருக்கு," என்றார் அவளிடம்.

என் கையைப் பற்றி அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. வெளியே வந்ததும், என்னிடம் வேலை பழகிய பெண்ணிடம், "ரெண்டாவது ஊசி வேல செய்ய நேரமாகும்ல, அதான் இப்ப நின்னிருக்கு," என்றேன். அவள் "ஆமா மிஸ்ஸி" என்றாள். வேறென்ன சொல்வாள். நான் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை நான் உண்மைக்காகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் ஒரு குமட்டல் மட்டும் விடாமல் இருந்தது. சோறு இறங்கவில்லை. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கெட்டது ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "சரி," என்றார். மாத்திரையை மாற்றிப் பார்த்தோம். ரசம் வைத்தேன், கஞ்சி வைத்தேன், பாசாரில் தேடி நல்ல மீனாக வாங்கி வந்து சூப் வைத்தேன். நான்கு கரண்டிக்கு மேல் போகவில்லை.

தவுக்கே மகள் வாரத்தில் மூன்று நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தாள். அங்கே போகலாம் என்றார். முதல் இரண்டு வாரம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவர் திரைக்கு உள்ளே போவார். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வரும். நான் கேள்விப்பட்டே இராத ஆட்களின் பட்டப்பெயர்கள் வரும். வெளியே வந்ததும் அவருக்குப் பசிக்கும். தெருமுனைக் கடையில் இரண்டு தோசை சாப்பிடுவார். என் சாப்பாட்டை ஒதுக்கிய அதே வாய்.

எனக்கு என்ன சந்தேகம் என்று யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் உண்மைதான். அவள் மேசையில் பேரப் பிள்ளைகளின் படம் இருந்தது. என்னைப் பார்த்தால் "மிஸ்ஸி, டீ குடிக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பாள். இவர் ஓடிப்போகிற ஆளும் இல்லை. எனக்கு எரிந்தது வேறு இடத்தில். இத்தனை வருடம் ஊரார் நோயை எல்லாம் பார்த்தவள் நான். என் வீட்டு நோய் இன்னொருத்தி கையில் அடங்குகிறது. அங்கே போய்ப் படுத்தால் அவர் முகம் இளகுகிறது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி பூட்டிக்கொள்கிறது.

மூன்றாவது வாரம் கிளினிக்கிலிருந்து என் கைத்தொலைபேசிக்கு அழைத்தார்கள். வியாழக்கிழமை வருகிறாரா என்று கேட்டார்கள். "இல்லங்க, அவரு ஊர்ல இல்ல," என்று சொல்லிவிட்டேன். அவரிடம், "இந்த வாரம் கிளினிக் மூடியாம்," என்றேன். இரண்டு பொய்யும் சுலபமாக வந்தன. "ஓ," என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அந்த வியாழன் சாயங்காலம் அவருக்குக் குமட்டல் வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, கையை எடுத்து, மூன்று விரல் அளந்து அழுத்தினேன்.

"அங்க இல்ல," என்றார்.

கொஞ்சம் தள்ளி அழுத்தினேன்.

"விடு. பரவாயில்ல," என்று மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார்.

நோயாளிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், கிள்ளியிருக்கிறார்கள், ஒருவர் என் மேல் துப்பியிருக்கிறார். யார் சொன்னதும் அந்த "விடு" போல எனக்கு வலித்ததில்லை.

அடுத்த வியாழன், துறைமுகத்தில் தன்னோடு கிரேன் ஓட்டிய நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோனார். தேய்த்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். துறைமுக நண்பரைப் பார்க்க யாரும் தேய்த்த சட்டை போடுவதில்லை. அரை மணி நேரம் பொறுத்திருந்துவிட்டுக் காரை எடுத்தேன்.

கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "அங்கிள் உள்ள இருக்காரு ஆன்டி," என்றாள். நான் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று சிரிப்புச் சத்தம் இல்லை. அவர் குரல் மட்டும் கேட்டது.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். மொதல்ல காலையில ஒமட்டல். அப்புறம் சோறு எறங்கல. நான்தான் கிண்ணத்தப் பிடிப்பேன். பதினோரு வயசு எனக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"உனக்கு ரிப்போர்ட் நல்லா வந்திருக்குன்னு சொன்னியே," என்றாள் அவள்.

"வந்திருக்கு. ஆனா காலையில எந்திரிச்சா அப்பா மூஞ்சிதான் வருது."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னா ரிப்போர்ட்ட எடுத்துட்டு வந்து காட்டுவா. அவ தப்பு இல்ல. அவளுக்கு எல்லாம் தெரியும். அதான் சொல்ல முடியல."

பிறகு அவர் அழுதார். வார்டில் எத்தனையோ ஆண்கள் அழுது கேட்டிருக்கிறேன். இந்த ஒருவர் அழுது நான் கேட்டதில்லை. தன் அம்மாவைப் புதைத்த அன்றுகூட நாற்காலிகளை எண்ணிக்கொண்டுதான் நின்றார்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அதை மறைப்பதில் பயனில்லை. ஏன் அவளிடம் என்பதுதான் முதலில் வந்தது. மாமனார் வயிற்று நோயில் செத்தார் என்று எனக்குத் தெரியும். கிண்ணத்தைப் பிடித்தது இவர் என்று தெரியாது. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டாரே என்றுதான் நினைத்தேன். மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

திரையை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சா?"

"ம்."

"நான் ஒண்ணும் பண்ணல மிஸ்ஸி. ஊசி போட்டா இருபது நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும். அவனும் எந்திரிக்க முடியாது, எனக்கும் வேற வேல இல்ல. அதான் பேசுறான். எல்லாரும் பேசுவாங்க."

வார்டில் யாருக்கும் என்னால் இருபது நிமிடம் கொடுக்க முடிந்ததில்லை. வீட்டிலும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. "போன வாரம் அவரு ஊர்ல இல்லைனு சொன்னது பொய்," என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். கிளினிக்க ஏன் மூடிட்டேன்னு அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டான்."

"அவருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சான்."

ஒரு வாரமாக அவர் தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். முகம் சுட்டது. உள்ளே போகிறீர்களா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவர் வெளியே வந்து என்னைக் கண்டதும் சட்டைக் கையைக் கீழே இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டார். நேராகக் காருக்கு நடந்தோம். அன்று தோசைக் கடைக்கும் போகவில்லை. நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச என் நாக்கு துடித்தது. மாமனாருக்கு வந்தது வேறு, உங்களுக்கு வந்தது வேறு என்று கையில் எழுதிக் காட்டுகிற அளவுக்கு என்னிடம் விளக்கம் இருந்தது. பாதி வழியில் ஷா ஆலம் வரும் வரைக்கும் அடக்கிக்கொண்டேன்.

"கிண்ணத்த நீங்கதான் பிடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா காலையில எஸ்டேட்ல ரப்பர் பால்மரம் வெட்டப் போயிருவாங்க. நான்தான் இருந்தேன்," என்றார்.

கிள்ளான் வரும் வரை பேசினார். அவள் கேட்டதைவிட அதிகமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதுவும் பொறாமைதான். நடுவில் ஒரே ஒரு தடவை, "உங்களுக்கு அந்த மாதிரி இல்ல, நான் பாத்துட்டேன்," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே நிறுத்திவிட்டார். வண்டி இன்னும் இரண்டு சமிக்ஞை விளக்குகளைத் தாண்டிய பிறகுதான் மறுபடி பேச ஆரம்பித்தார்.

குமட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டு மாதத்தில் நின்றுபோனது. ஊசியாலா, மாத்திரையை மாற்றியதாலா, பேசியதாலா, நாளானதாலா என்று என்னால் சொல்ல முடியாது. அவர் ஊசி என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

வீட்டில் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கையில் காய்கறி இல்லாமல், தொலைபேசி இல்லாமல். ஏழாவது நிமிடம் அடுப்பில் சோறு ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன். "உக்காரு லா, சோறு எங்கயும் ஓடாது," என்றார். மறுநாள் கொஞ்சம் அதிகம் உட்கார்ந்தேன்.

இப்போது அவருக்கு முட்டி வலி. மாதம் ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறோம். "நீயும் உள்ள வா," என்கிறார். நான் போவதில்லை. வெளியே உட்கார்ந்து ஏதாவது பத்திரிகையைக் கையில் வைத்துக்கொள்கிறேன். "கால மடக்காதடா" என்று அவள் சொல்வது கேட்கும். அவர் சிரிப்பார். அந்த நேரத்தில் நான் எந்தப் பக்கத்தைப் புரட்டினேன் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.