படிக்கட்டில் ஒரு மீன் விசாரணை

போன ஞாயிறு எங்கள் வெள்ளவத்தை பிளாட் படிக்கட்டில் ஒரு மீனை மறித்து வைத்து விசாரித்தார்கள்.

மனைவி குழந்தை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். பத்தியக் கறிக்குக் கிழங்கான் மீன்தான் வேண்டுமாம். எனக்கோ மீனில் இரண்டே வகைதான் தெரியும் – பொரித்தது, குழம்பில் கிடப்பது! சந்தையில் மீன்காரன், "ஹெந்தளைக் கடல் கிழங்கான்" என்று சொன்னதை நம்பி வாங்கினேன். வழியில் சோதனைச் சென்றியில் நின்ற ஆமிக்காரன் பையைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

அங்கே தப்பிய மீன் படிக்கட்டில் மாட்டியது.

கீழ்வீட்டு அன்ரனி அண்ணை குருநகர்க்காரர். மேல்வீட்டு மாஸ்டர் பருத்தித்துறை – இரண்டும் யாழ்ப்பாணக் கடலோரம். இருவரும் படியில் நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா போயிருக்கலாம். பையைத் திறந்து, "இது கிழங்கான்தானே?" என்று கேட்டேன்.

"நீட்டு உடம்பு, வெள்ளி நிறம், கூர் மூஞ்சி... கிழங்கான்தான்" என்றார் அண்ணை.

"விசர்க் கதை!" என்றார் மாஸ்டர். "அது மணலுக்குள்ள படுக்கிற மீன். இஞ்ச கரையெல்லாம் கல்லு."

"ஹெந்தளையில மணல்தானே மாஸ்டர்?" என்றேன்.

"தம்பி, உண்மையான கிழங்கான் வலையைக் கண்டவுடன மணலுக்குள்ள பூந்திடும். இது பிடிபட்டிட்டுது. அப்ப கிழங்கானில்லை!"

"அப்ப ஊரில நீங்கள் திண்டது?" – அண்ணை விடவில்லை.

"அது மணலைக் காலால மிதிச்சுத் தேடிப் பிடிச்சது!"

சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, மீன்ரை பேரைப் பிறகு கதையுங்கோ. எனக்குப் பசிக்குது."

பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

கறி கொதித்த வாசம் படிக்கட்டெல்லாம் இறங்கியது. விசாரணைக் கமிஷன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு துண்டு ருசி பார்த்தால் சொல்லிவிடலாமாம். மனைவி விவரமானவள் – முதலில் தான் சாப்பிட்டு முடித்தாள். பிறகுதான் அவர்களுக்குக் கொடுத்தாள்.

மாஸ்டர் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டி எத்தனை வருஷம்... மனிதர் தன் கடலைக் கண்ணால் கண்டே எவ்வளவு காலம்!

"கிழங்கான்தான்" என்றார் கடைசியில். "அதுவும் பருத்தித்துறைக் கிழங்கான்."

"குருநகர்!" என்றார் அண்ணை, சட்டியை வழித்தபடி.

இந்த ஞாயிறு கோழி வாங்கினேன். அது எந்த ஊர்க் கோழி என்று பார்த்துச் சொல்ல இருவரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.