பின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்

வேனில் ஏறுவதற்கு முன் அழகமுத்து அண்ணன் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுப்பார். பற்றவைக்க அல்ல. இடது பக்கப் பின் சக்கரத்தருகே குந்தி, டயரின் பள்ளத்துக்குள் குச்சியின் மருந்துத் தலையை இறக்குவார். பள்ளம் எவ்வளவு விழுங்கியதோ அந்த இடத்தைப் பெருவிரல் நகத்தால் பிடித்து, கண்ணருகே கொண்டுவந்து பார்ப்பார். பிறகு வலது பக்கம், அதே குச்சி. முடிந்ததும் அதைக் காதில் செருகிக்கொள்வார். முன் சக்கரங்களுக்குக் காலால் ஓர் உதை மட்டும்தான்.

தெரணியகலைக்கு மேலே எங்கள் றப்பர் தோட்டத்திலிருந்து அவிசாவளை கார்மென்ட்ஸ் ஆலைக்குப் பதினொரு பேரை ஏற்றிப்போகும் அவருடைய வேன் அது. அதில் நானும் ஒருவன். பன்னிரண்டாவது இடம் கடைசி வரிசையில், ஜன்னலோரம். இரண்டு வருடமாக அது காலி. உட்காரக்கூடாது என்று அவர் சொன்னதில்லை, யாரும் உட்காருவதில்லை. லயத்து வீட்டு வரிசையின் கோடி வீட்டின் முன்னால் தினமும் வேன் ஒரு நொடி நிற்கும். யாரும் ஏறமாட்டார்கள். மறுபடி நகரும். அந்த ஒரு நொடிக்கு வேனுக்குள் பேச்சும் தானாக நின்றுவிடும்.

கோடி வீடு அவருடைய அக்கா இருளாயியினுடையது. அந்த ஜன்னலோர இடமும் அவளுடையதுதான். கார்மென்ட்ஸ் கென்டீனில் வேலை பார்த்தாள். ஒரு மழைக் காலை, றப்பர் இலை ஊறிக்கிடந்த வளைவில் வேனின் பின்பாகம் மட்டும் தனியாகச் சுழன்று பாறையில் மோதியது. எங்களுக்குச் சிராய்ப்பு. அவள் இல்லை. அந்த வாரந்தான் முன்னுக்கு இரண்டு புது டயர் போட்டிருந்தார். பின்னால் கிடந்தவை வழவழத்தவை. பொலிசில் கேட்டபோதும் செத்த வீட்டில் கேட்டபோதும் அவர் ஒன்றைத்தான் சொன்னார்:

"தெரியாமப் போச்சுங்க."

இந்த ஆனியில் அவர் மகள் தனுஜாவுக்கும் அதே கார்மென்ட்ஸில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை முதல் போக வேண்டும். வேனில் இருப்பது ஒரே ஓர் இடம். அண்ணன் எங்கெங்கோ சொல்லிவைத்து இரண்டு டயர் எடுத்தார். நாலு போட வசதியில்லை. சனிக்கிழமை வேலை விட்டு வரும் வழியில் டவுனில் புவாட் நானாவின் டயர் கடையில் வேனை ஏற்றினார். அவர் மனைவி ஜீவராணி அக்கா சிலிசிலி பொலித்தீன் பையில் எலுமிச்சம்பழங்களோடு அங்கே காத்திருந்தாள்.

"முன்னுக்குத்தானே?" என்று நானா ஜாக்கியை உருட்டினார்.

"பின்னுக்கு."

"பின்னுக்கா?" ஜீவராணி அக்கா பையைக் கீழே வைத்தாள். "நாளைக்குக் கோயில்ல பழம் ஏத்தப் போறோம். பழைய டயரால நசுக்கி என்னா புண்ணியம்?"

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். புது டயர் போட்டால் வண்டியை மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்து ஏற்றுவோம். புது றப்பரில் பழம் நசுங்கினால்தான் கண்ணூறு கழியும். அதனால் புதுசு எப்போதும் முன்னுக்கு. ஏன் என்று கேட்டவரில்லை.

"பட்டது போதாதாங்க? புள்ள ஏறப் போற வண்டி."

"புள்ள உக்காரப் போறது பின்னுக்கு." அண்ணன் காதுக் குச்சியை எடுத்து ஒடித்தார். "முன்னுக்கு வழுக்கினா ஸ்டேரிங் கைக்குச் சொல்லும் ஜீவா. திருப்பிக்கலாம். பின்னுக்கு வழுக்கினா சொல்லாது."

"அப்ப அவ பஸ்ஸுலயே போகட்டும். பழம் ஏத்தாத வேன்ல நான் அனுப்ப மாட்டேன்."

நானா இரண்டு பேரையும் பார்த்தார். "தங்கச்சி, பழத்தப் பொறகால வெச்சு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க. சாமி கோவிக்கிறதா, பொஞ்சாதி கோவிக்கிறதா, எது லேசு எண்டு அவரே பாத்துக்கொள்ளட்டும்."

ஜீவராணி அக்காவுக்கே சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"சரி நானா, அப்படியே செய்வோம்" என்றார்.

ஞாயிறு காலை பூசாரி தலையைச் சொறிந்துகொண்டே பின் சக்கரங்களுக்குப் பின்னால் பழம் வைத்தார். வேலியோரத்தில் யாரோ சத்தம் போட்டார்: "என்னா அழகமுத்து, ஆத்தா மூஞ்சியப் பாத்துட்டுப் பின்வாங்குற?" கூட்டம் சிரித்தது. நான் பின்னால் நின்று, வாங்க வாங்க என்று கை காட்டினேன். அவர் தலையை வெளியே நீட்டவில்லை. உள் கண்ணாடியையே பார்த்தார். அந்தக் கண்ணாடியில் தெரிவது கடைசி இருக்கை. வலது பழம் முதலில் வெடித்தது. இடது பழம் நசுங்கப் பிந்தியது, யோசிப்பது போல. வேன் நின்ற பிறகும் அவர் கண் கண்ணாடியை விட்டு வரவில்லை. உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

திங்கள் மழை. தனுஜா போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோடி வீட்டில் வேன் நின்றது.

"ஏம்ப்பா நிக்குது? யாரு ஏறணும்?"

அவர் கியரைப் போட்டார். வளைவில் வேன் நடைவேகத்துக்கு இறங்கியது. கண்ணாடியில் அவருடைய கண்ணும் மகளுடைய நெற்றியும். சக்கரத்தடியில் இலைகள் ஈரமாகக் கிழியும் சத்தம். வேன் நேராகப் போனது.

ஆவணியில் என் பைக் டியூபுக்கு ஒட்டுப்போட நானாவிடம் போயிருந்தேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன், அந்த விபத்து வாரத்திலும் அழகமுத்து புது டயர்களைப் பின்னுக்குத்தான் முதலில் பூட்டச் சொன்னாராம். ஸ்டேரிங் கதையும் அப்போதே சொன்னாராம். பூட்டிக்கொண்டு போனவர் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்து, முன்னுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். கடைசி இருக்கையில் இருளாயி, மடியில் தன் வீட்டு மரத்து எலுமிச்சம்பழங்களோடு.

"அக்கா பழம் ஏத்த ஆசப்படுது நானா, மாத்திக் குடுங்க" என்று சிரித்தாராம்.