தம்பியோடு விளையாடியவன்

ஒஸ்லோவின் அம்மருட்டில் நான் வேலை செய்த பாலர் பள்ளிக்கு உதவியாளராக ஒரு ஜப்பான்காரி வந்தாள். நோர்வேக்காரனைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் நொர்ஸ்க் மொழி அரைகுறை. அதனாலேயோ என்னவோ, ஒருவர் கதைப்பது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

ஒரு ஜப்பான் உதைபந்தாட்டக்காரனின் பெயர் ஐரோப்பா முழுக்க அடிபட்ட காலம் அது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தகப்பன்மார், அதுவரை அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள், அவனைப் பற்றி அவளிடம் கேட்பார்கள்.

"நேற்று அடிச்ச கோலைப் பாத்தனியோ?"

அவள் சிரித்துத் தலையாட்டுவாள். பிறகு கழிவறைக்குள் போய்க் கொஞ்சநேரம் நிற்பாள்.

ஒருநாள் பிள்ளைகளின் ஈர உடுப்புகளைக் காயப்போடும்போது சொன்னாள். அவளுடைய தம்பியும் அந்த உதைபந்தாட்டக்காரனும் ஒரே பாடசாலை அணி. தம்பி கோல் காப்பாளன். பயிற்சி முடிந்து சைக்கிளில் வரும்போது லொறி அடித்துச் செத்துப்போனான். செத்தவீட்டில் முழு அணியும் வரிசையாக நின்றதாம். அந்த வரிசையில் அவனும் நின்றான்.

"அவன் ரீவியில வரேக்க பாப்பியோ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் விடமாட்டன். பாத்தால் நித்திரை வராது. ஆனா தம்பிக்கு இப்ப என்ன வயசெண்டு அவன்ர முகத்தில தெரியும்."

எனக்கும் ஒரு தம்பி இருந்தான். யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. என் நினைவில் அவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. அதைச் சொல்ல நொர்ஸ்க்கில் சொல் தேடினேன். "எனக்கும் தம்பி" என்பதோடு நின்றுவிட்டது. அவள் கையிலிருந்த சின்னக் கையுறையைப் பிழிந்தபடி என்னையே பார்த்தாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அவனுடைய கழகம் ஒஸ்லோவுக்கு விளையாட வந்தது. தனியப் போகப் பயமாயிருக்கு, வாறியோ என்றாள். ஒரு வியாழன் பின்னேரம் மைதானத்துக்குப் போனோம். எங்கு பார்த்தாலும் அவன் பெயர் போட்ட சட்டைகள். அவனுக்கோ காலில் காயம். ஆட்டம் முழுக்க வெளியே மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்தான்.

முடிந்த பிறகு, வீரர்களின் பஸ் நின்ற வாசலில் சனத்தோடு நின்றோம். எல்லாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றி ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் கடந்து போனான். தான் அந்தக் கோல் காப்பாளனின் அக்கா என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாய் திறக்கவில்லை.

"ஏன் கூப்பிடேல்லை?"

"அவனுக்கு ஞாபகம் இல்லாட்டி?"

திரும்பும் ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு, "அவனுக்கு உச்சியில முடி கொட்டீட்டுது," என்றாள். "தம்பிக்கும் கொட்டத் தொடங்கியிருக்கும். எங்கட அப்பாவுக்கு முப்பதிலயே வழுக்கை."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நாங்கள் இறங்கவேண்டிய அம்மருட் கடந்து போனதே தெரியவில்லை. கடைசித் தரிப்பிடமான வெஸ்ட்லியில்தான் இறங்கினோம். அங்கே குளிரில் மற்ற ரயிலுக்குக் காத்து நின்றபோது, எங்கள் தம்பிமாரின் பெயர்களை முதன்முதலாக ஒருவருக்கொருவர் சொன்னோம். அவள் என் தம்பியின் பெயரைச் சரியாக உச்சரிக்க மூன்று நாலு தரம் முயன்றாள்.