டல்சிக்கு முடிவு சொல்லத் தடை

டல்சி பாஸ்கோவிடம் ஒரு படம் வாடகைக்குக் கேட்டால் அதன் முடிவும் இலவசமாகச் சேர்ந்து வரும். ஆஸ்திரேலியச் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லுக்கு வீடியோ கடை வந்த நாள் முதல் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். "ஓ, இதுவா? பிரமாதமான படம். டாக்டர்தான் கொலைகாரன். திங்கட்கிழமை திருப்பிக் குடுத்துடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கேசட்டைப் பையில் போட்டுக் கொடுப்பாள். வாங்கியவர் முகம் தொங்கிப் போகும். ஊரில் வேறு வீடியோ கடை கிடையாது. அடுத்த பெரிய ஊருக்குப் போவதென்றால் செம்மண் புழுதியில் அரை நாள் வண்டி ஓட்ட வேண்டும். ஆகவே எல்லோரும் திரும்ப அவளிடமேதான் வந்தார்கள்.

சிலர் காதைப் பொத்திக்கொண்டு கடைக்குள் நுழைந்து பார்த்தார்கள். காசு கொடுக்கக் கையை எடுத்தாக வேண்டுமே, அந்த இடைவெளி அவளுக்குப் போதும்.

அவள் மனசில் கெடுதல் துளியும் இல்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். முடிவு தெரியாமல் ஒருத்தர் இரண்டு மணி நேரம் தவிப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சின்ன வயதில் ஒரு நாள் சுரங்கத்துச் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊத, அம்மா அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடினாள். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. சாயங்காலம் அப்பா புழுதி முகத்தோடு நடந்து வந்தார், கையில் சாப்பாட்டு டப்பாகூட அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பகல் முழுவதும் டல்சி பட்ட பயம் பட்டதுதான். அதற்குப் பிறகு அவள் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து தவிர வேறு எங்கிருந்தும் தொடங்கியதில்லை.

புருஷன் மெர்வ் இதற்கெல்லாம் பழகிவிட்டிருந்தான். அவனும் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவன். பூமிக்கு அடியில் இருந்த காலம் முழுக்கத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதி. முப்பது வருஷமாக எந்தப் படத்தின் முடிவையும் அவன் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டது கிடையாது, டல்சியின் வாயால் கேட்டதுதான். "அந்தத் தங்கச்சிக்காரி விஷம் வெச்சுட்டா மெர்வ்" என்பாள். "அப்படியா, பாவி" என்று சொல்லிவிட்டு அவன் டீயைக் குடிப்பான்.

ஊரே அந்த வருஷம் வியாழக்கிழமைத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் ஆட்டுப் பண்ணைக் குடும்பம். அவர்களுடைய கம்பளிக் கொட்டகைக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். யார் என்பதைச் சொல்லாமல் ஆறு வருஷம் இழுத்தடித்துக் கடைசியாகக் கடைசிப் பாகம் வந்தது. டல்சிக்கு வியாழக்கிழமைதான் கடை நேரம் நீளும். வீட்டு வீடியோ பெட்டியில் எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிற்கும்படி வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை நைஜல் வருகிறான். அவர்கள் மகள் லீயான் சிட்னியில் கட்டிக்கொண்டவன். நல்ல பையன், குழாய் ஒழுகினால் சரிபண்ணாமல் தூங்க மாட்டான். அந்த வாரத் தொடக்கத்தில்தான் விருந்துக்கு வந்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் ஊர் இருப்பது சிட்னி இருக்கும் அதே மாநிலத்தில். ஆனால் ஊர்க் கடிகாரம் அடிலெய்டின் பேச்சைத்தான் கேட்கும். சிட்னிக்கு அரை மணி பின்னால் ஓடும். இங்கே பிறந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. நைஜல் வெளியூர். டல்சி பின்னிப் போட்டிருந்த பூத்துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறான், வீடியோ பெட்டியின் கடிகாரம் தன் கைக்கடிகாரத்துக்கு அரை மணி பின்தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறான், பாவம் கிழங்கள் என்று இரக்கப்பட்டு அதைச் சரிசெய்து, துணியை மறுபடி அழகாக மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆகவே பெட்டி எட்டரை என்று எழுந்தபோது ஊரில் மணி எட்டு. ஒன்பதரை என்று படுத்தபோது ஊரில் ஒன்பது.

கடையைப் பூட்டிவிட்டு வந்த டல்சி, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேசட்டை நேராகக் கடைசிக்கு ஓட்டினாள். பண்ணைக் கிழவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் குடும்பம் முழுக்க நின்றது. "எனக்குத் தெரியும், தீ வெச்சது யாருன்னு" என்றார். கையைத் தூக்கினார். விரல் நீண்டது. அவ்வளவுதான், திரையில் புள்ளி மழை. பதறிப்போய்ப் பின்னால் ஓட்டிப் பார்த்தால் முதல் அரை மணி முழுக்க தொடருக்கு முந்தின தோட்ட நிகழ்ச்சியில் ஒரு தாடிக்காரர் ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

கிளப்பிலிருந்து மெர்வ் வந்தான். கிளப்பில் பெரிய டிவி உண்டு.

"மெர்வ்! கேசட்டு பாதியில நின்னுடுச்சு. நீ பாத்திருப்பல்ல? யாரு தீ வெச்சது?"

மெர்வ் தொப்பியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். "ரொம்ப அசதியா இருக்கு டல்சி, காலைல பேசலாம்" என்று படுக்கைக்குப் போய்விட்டான்.

காலையில் அவள் எழுவதற்குள் ரொட்டி வாங்கப் போய்விட்டு வந்து, தோட்டத்தில் ஒளிந்துகொண்டான். டல்சி பின்னாலேயே ஓடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாரைக் கேட்டாலும் சொல்லப் போகிறார்கள் என்று நேரே கார்மென் வெல்லாவின் ரொட்டிக் கடைக்குப் போனாள். கார்மென் மால்ட்டாக்காரி, டல்சியின் பள்ளிக்கூடத் தோழி, வாய்க்குப் பூட்டே போடாதவள்.

"கார்மென், யாருடி அது? மூத்தவனா, மருமகளா?"

கார்மென் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லக் கூடாதுடி. உனக்குத் தடை போட்டாச்சு."

"என்ன போட்டாச்சு?"

"தடை. காலைல உன் புருஷன் வந்து கேசட்டு நின்னு போன கதையச் சொன்னான். இந்தா, இதே வரிசையில நின்னவங்க எல்லாம் கை தூக்கி ஓட்டுப் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் உனக்கு ஒருத்தரும் முடிவு சொல்லக் கூடாது. அதுக்கப்புறம் என் கேசட்டையே கொண்டாந்து தரேன். தீர்மானம் கொண்டாந்தது நான்."

"ஆமோதிச்சது யாரு?"

"உன் வீட்டுக்காரன்தான். பழக்கதோஷம், தீர்மானம்னு காதுல விழுந்ததும் கை தானா மேல போயிடுச்சு."

"உங்களுக்கெல்லாம் நான் என்னடி பாவம் பண்ணேன்?"

"என்ன பாவமா? எங்க அம்மா சாகக் கிடக்கும்போது கடைசியா ஒரு படம் பாத்தாளே, ஞாபகமிருக்கா? கதாநாயகன் பொழைக்க மாட்டான்னு அவகிட்டயும் சொன்னியே!"

தன் வினை தன்னைச் சுட்டது. டல்சி வீடியோ கடையைத் திறக்கப் போனாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். எங்கள் ஊரைக் கட்டியதே சங்கம்தான். தடை என்று ஒன்று விழுந்தால் தடைபட்ட கடையில் குழந்தைகூட மிட்டாய் வாங்காது. அன்றைக்கு வீடியோ கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அநியாயத்துக்கு மரியாதையாக இருந்தார்கள். டல்சி கெஞ்சினாள். புதுப் படம் வந்தால் முதலில் உனக்குத்தான் என்று ஆசை காட்டினாள். அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். படம் வாடகைக்கு எடுக்க வந்த பாதிரியாரைக் கடைசி நம்பிக்கையாகப் பிடித்தாள்.

"ஃபாதர், நீங்க சங்கத்துல இல்லையே. தவிக்கிறவங்களுக்கு ஆறுதல் சொல்றது உங்க கடமைதானே?"

"சங்கத்துல இல்லம்மா. ஆனா ரொட்டி கார்மென்கிட்டதானே வாங்குறேன்" என்று சொல்லி அவர் நழுவிவிட்டார்.

வீட்டில் வேறு ஆயுதம் எடுத்தாள். மெர்வுக்கு உயிரான, மாவுக்குள் இறைச்சி பொதிந்த பாஸ்டி இரண்டை, ஓரம் மொறுமொறுவென்று வரும்படிச் சுட்டு முன்னால் வைத்தாள். இரண்டையும் தின்றான். தட்டில் சிந்திய துணுக்கைக்கூட விரலால் ஒற்றித் தின்றான். வாய் திறக்கவில்லை.

"ஒரே ஒரு எழுத்து சொல்லு. பேரோட முதல் எழுத்து."

"தடைன்னா தடை டல்சி."

"கட்டின பொண்டாட்டி நான்!"

"அதனாலதான் ரொம்ப கஷ்டமா இருக்கு" என்றான் மெர்வ். முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. டல்சி அதை நம்பவில்லை. அத்தோடு அடுப்பை அணைத்தாள். சனிக்கிழமை முழுக்க அவன் தானே சீஸையும் கேரட்டையும் துருவி, மயோனைஸில் பிசைந்து, ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்றான். ஊரில் எல்லோருக்கும் அது பிடித்த சாப்பாடு என்பதால் அந்தத் தண்டனையும் வீணாயிற்று.

சனிக்கிழமை மதியம் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. சிட்னி! தொலைபேசி மாட்டியிருந்த நடைவழிக்கு ஓடி, மகளுக்கு எண்ணைச் சுழற்றினாள்.

"அம்மா, அப்பா ஏற்கெனவே பேசிட்டாரு" என்றாள் லீயான். "நான் அங்க பொறந்தவம்மா. என்னைக் கேக்காத. இரு, காயப்போட்ட துணிய எடுத்துட்டு வரேன், மழை வரும் போல இருக்கு."

அவள் வைத்துவிட்டுப் போன ரிசீவரை யாரோ மெல்ல எடுக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை?" நைஜல் குசுகுசுத்தான். "நான்தான் அத்தை. கடிகாரத்த நான்தான் மாத்தித் தொலைச்சேன்னு லீயான் சொன்னா. ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடே இறங்கல. அந்த முடிவ நான் சொல்றேன், கேட்டுக்கோங்க."

டல்சிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. "சொல்லுப்பா, சீக்கிரம் சொல்லு" என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவள் கண், தொலைபேசிக்கு மேலே சுவரில் தொங்கிய படத்தில் போய் நின்றது. தாத்தாவும் அவருடைய அண்ணன் தம்பிகளும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டு நிற்கும் பழைய படம். அதில் ஒருவருக்கு முகம் இல்லை. கத்தரியால் வட்டமாக வெட்டி எடுத்த ஓட்டைதான் இருந்தது. பெரிய வேலைநிறுத்தத்தில் ஊரே ஒன்றரை வருஷம் பட்டினி கிடந்தபோது அந்த மனிதர் வேலைக்குப் போனார். அவர் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. கருங்காலி என்றால் போதும்.

கருங்காலியிடம் கைநீட்டி வாங்குகிறவளும் கருங்காலிதான். அந்தக் கணக்கு டல்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நைஜல், வாய மூடு."

"ரெண்டே வார்த்தைதான் அத்தை..."

"ஒரு வார்த்தை வெளிய வந்துச்சோ, இந்த வாசல்ல நீ கால் வைக்க முடியாது! என்னையும் உன்ன மாதிரி ஆக்கப் பாக்குறியா?"

தொலைபேசியை வைத்துவிட்டாள். பாவம் நைஜல், இரண்டாவது முறையாக உதவப் போன தன்னை மாமியார் ஏன் திட்டினாள் என்பது அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. டல்சி சமையலறைக்கு வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மெர்வ் எழுந்து டீ போட்டுக் கொடுத்தான். அவள் கேட்காமலே சர்க்கரையும் கலக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கார்மென் கேசட்டோடு வந்தாள். "தடையை எடுத்தாச்சு. என் மூணு மாசத்துக் கோபமும் தீந்துடுச்சு, போ" என்று டல்சியின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஆட்டுக்கால் வேகிறது என்று ஓடினாள்.

டல்சி கேசட்டைச் செருகிக் கடைசிக்கு ஓட்டும் பொத்தானில் கைவைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மெர்வ் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"ஓட்டாத! ஓட்டாத டல்சி!"

"உனக்கென்ன, நீதான் பாத்துட்டியே."

மெர்வின் காது சிவந்துபோயிற்று.

"மெர்வ், நீ பாத்தியா இல்லையா?"

"கிழவன் கையத் தூக்குற வரைக்கும் பாத்தேன்."

"அப்புறம்?"

"எழுந்து வெளிய போயிட்டேன். கார் நிக்கிற இடத்துல நின்னேன். உள்ள எல்லாரும் ஓன்னு கத்தினாங்க, காதைப் பொத்திக்கிட்டேன்."

"அட மடையா, ஏன்?"

"வீட்டுக்கு வந்தா நீ சொல்லுவியே. நீதானே எப்பவும் சொல்லுவ. கிளப்புல அத்தனை குடிகாரனோட சேந்து தெரிஞ்சுக்கிட்டா என்ன சுகம்?"

டல்சி அவனையே பார்த்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றுமே தெரியாத ஆளிடமா இவ்வளவு மல்லுக்கட்டினாள்?

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பாஸ்டியாவது மிஞ்சியிருக்கும்."

"தெரியாதுன்னு சொன்னா அப்புறம் தடையில நான் இருந்தேன்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கேசட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு, ரிமோட்டைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்தாள். அவள் வாழ்க்கையில் ஒரு கதையை அது தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தது அன்றுதான். நீதிமன்றம் வந்தது, விளம்பரம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. கிழவர் எழுந்து உட்கார்ந்தார். மெர்வ் அவள் கையை எட்டிப் பிடித்தான்.

"யாரு டல்சி? சொல்லேன், தாங்க முடியல."

"எனக்குத் தெரியாது மெர்வ்" என்றாள் டல்சி. சொல்லும்போது குரல் சின்னப் பெண்ணின் குரல்போல ஆகிவிட்டது. "பயமா இருக்கு. கையை விட்டுடாத."