பிரசாதத்தின் எடை

ஆந்திர எல்லை ஊரான நகரியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுப்பவர் கன்னிகா டீச்சர். இனிப்பு தின்றால் எடை ஏறும் என்று தினமும் எச்சரிப்பார். ஆனால் பெற்றோர் யார் திருமலைக்குப் போய்வந்தாலும் அவருக்கு ஒரு லட்டு வந்துவிடும். பிரசாதத்தை மறுக்க முடியுமா? ஓய்வறையில் பயபக்தியோடு முழுசாகச் சாப்பிடுவார். அந்த அறையின் சன்னல்தான் மூடாது.

பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாளில் ரக்ஷிதா ஒரு லட்டை நீட்டினாள். "எங்கள வேணாம்னுட்டு நீங்க மட்டும் துன்றீங்களே டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. இனி தன் பாடத்தை யார் மதிப்பார்கள் என்று பதறிய கன்னிகா, லட்டை உதிர்த்து ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்தார். "பிரசாதம்னா கண்ல ஒத்திக்கினு இத்தினியூண்டு வாயில போட்டுக்கறதுடீ. வயிறு ரொம்பத் துன்னா அது டிபன்!"

"அப்போ இத்தினி நாளா நீங்க துன்னது டிபனா டீச்சர்?"

கன்னிகா செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைத்துவிட்டு, எடை மெஷினில் முதல் ஆளாக ஏறினார்.