காது உடைந்த குதிரை

மாநில எல்லை என்றால் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் வண்டியில் ஏற்றி மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எட்டு வயதில் நம்பிய அறிவாளி நான். இன்று காலை கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டேன். அந்த வாசனை என்னைப் புத்தூர் ராட்டினத் திடலில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது.

நான்கே மரக்குதிரைகள். முனுசாமி மாமா அச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டு, ராட்டினத்தைக் கையால் தள்ளிக்கொண்டே கூட ஓடுவார். அவருக்கு மூச்சு வாங்குவதை வைத்தே சுற்று முடியப்போகிறது என்று தெரிந்துகொண்டு, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். காது உடைந்த குதிரைக்குத்தான் எங்களுக்குள் அடிதடி, ஏனென்றால் அது மற்றவற்றைவிட ஒரு சாண் உயரத்தில் தொங்கியது, அதில் ஏறினால்தான் வேலிக்கு மேலே நகரி மலையின் மூக்கு தெரியும்.

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலை நான்கு பேர் சங்கிலியோடு வந்து திடலை அளந்தார்கள். நான் ஓடிப்போய் அந்தக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மதியம் நைனா தேடி வந்தார்.

"இன்னாடா, துன்னக்கூட வராம இங்கயே குந்திகினு கீற?"

"குதிரை மெட்ராஸுக்குப் போனா நானும் போறேன், நைனா."

"முனுசாமி தள்ளாம அது ஒரு சுத்தே போவாதுடா, மெட்ராஸுக்கா போவும்?"

நைனா சொன்னது சரிதான். எல்லைக்கோடு எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. அன்று அவர்கள் அளந்தது பஸ் ஸ்டாண்டுக்கு.