சாம்பல் குதிரையின் இடது கண்

இது நடந்தது 2005ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில். அப்போது நாங்கள் மொன்றியலில் வில்லரே பக்கம் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம். நான் கனடாவுக்கு வந்து எட்டு மாதம். வயது முப்பத்தெட்டு. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவன். குதிரைக்குக் கிட்டப் போய் நின்றதுகூட இல்லை. ஆனால் இங்கே எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை குதிரை லாயத்தில்தான்.

வேலையை எடுத்துத் தந்தவர் எங்கள் பங்குக் கோயிலில் பழக்கமான ஒரு மன்னார் அண்ணை. அவர் அங்கே ஐந்து வருடமாக வேலை செய்தவர். காலையில் அவருடைய வானில் பாலத்தைக் கடந்து, புரோசார்ட்டையும் தாண்டி முக்கால் மணி நேரம் ஓடினால், சோளத் தோட்டங்களுக்கு நடுவில் அந்தப் பண்ணை வரும். பந்தயக் குதிரைகள் இருபது மட்டில் நின்றன. பயிற்சியாளர் அறுபது வயதுக்காரர், பிரெஞ்சு மட்டும்தான் கதைப்பார். சாணம் அள்ளுவதும், வைக்கோல் மாற்றுவதும், பயிற்சி முடிந்து வரும் குதிரைகளைக் கழுவித் துடைப்பதும் என் வேலை. முதல் நாளே அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். அண்ணை எனக்குச் சுருக்கித் தந்தார்.

“குதிரைக்கு என்ன செய்யிறது எண்டு யோசிக்கிறது தன்ர வேலையாம். நீர் சொன்னதைச் செய்தாக் காணுமாம்.”

எனக்கும் அது வசதியாகவே இருந்தது. தெரியாத வேலை, தெரியாத பாஷை. வாயைத் திறக்காமல் இருந்தால் பிழை வராது என்று நினைத்தேன்.

செப்டெம்பரில் பிரான்ஸிலிருந்து ஒரு குதிரை வந்தது. சாம்பல் நிறம், நாலு வயது. அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது, என் வாயில் நுழையவில்லை. நானும் அண்ணையும் ‘சாம்பல்’ என்றே கூப்பிட்டோம். அங்கே புல்தரையில் ஓடி மூன்று பந்தயம் வென்ற குதிரையாம். இங்கே அதை எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் மண் தரையில் ஓட விடப் போகிறார்கள் என்று அண்ணை சொன்னார். புல்லில் ஓடினால் என்ன, மண்ணில் ஓடினால் என்ன என்றுதான் எனக்குப் பட்டது.

வித்தியாசத்தை எனக்கு விளங்கப்படுத்தியது சாம்பலை ஓட்டிய பெண். அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கியூபெக்காரி. பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்து, மிச்சத்தைக் கையால் சொல்லுவாள். புல்தரையில் குதிரைகள் தொடக்கத்தில் கூட்டமாக, அவசரமில்லாமல் ஓடும். கடைசியில்தான் முழு வேகத்தையும் எடுக்கும். அமெரிக்க மண் தரையில் தொடக்கக் கூண்டின் வாசல் திறந்ததும் பாய வேண்டும். குளம்புக்குக் கீழே மண் நழுவும். எல்லாவற்றையும் விடப் பெரிய கரைச்சல், முன்னால் ஓடும் குதிரையின் குளம்பு கிளப்பும் மண். அது பின்னால் வருகிற குதிரையின் முகத்தில் கல்லெறி மாதிரி வந்து விழும். ஓட்டுபவர்கள் மூன்று நாலு கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மேலே உள்ளது மண் படிந்து மறைத்ததும் அதைக் கழுத்துக்கு இறக்கிவிடுவார்கள். குதிரைக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிறந்த நாளிலிருந்தே மண்ணுக்குப் பழகிய குதிரைகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். புல்லில் வளர்ந்தது, இது என்ன புது அடி என்று திகைத்து நின்றுவிடும்.

அதனால் சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். முதல் வாரம் ஒரு குதிரைக்குப் பின்னால் தூர விட்டு ஓட்டினார்கள். அடுத்த வாரம் கிட்ட. பிறகு இரண்டு குதிரைகளுக்குப் பின்னால். ஒவ்வொரு நாளும் அது திரும்பி வரும்போது சாம்பல் நிறமே தெரியாது, முகமெல்லாம் மண். நான் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து மூக்கையும் கண்ணோரங்களையும் துடைத்துவிடுவேன். அமைதியாக நிற்கும். மூன்றாவது வாரம் மண் பட்டாலும் ஓடத் தொடங்கியிருந்தது. பயிற்சியாளர் முதல் தடவையாகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, இடது கண்ணைத் துடைக்கப் போனபோது சாம்பல் தலையை இழுத்துக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. குளிர்காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் வடிந்தது, இமை சற்று வீங்கியிருந்தது. புதன்கிழமை வெளிச்சத்துக்குத் திரும்பாமல் மூலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று அது பயிற்சியிலும் பின்வாங்கியிருந்தது. பயிற்சியாளர் கோபத்தோடு சொன்னதை அண்ணை மொழிபெயர்த்தார்: “உது கள்ளம் பண்ணுதாம். விட்டுக்குடுத்தாப் பழகிப்போடுமாம்.”

எனக்கு வாய் வரை வந்தது. கண்ணுக்குப் பிரெஞ்சில் என்னவென்று தெரியும். ஆனால் நேற்று வந்தவன், குதிரையைத் தெரியாதவன், நாற்பது வருடம் பழக்கியவருக்குச் சொல்லப் போவதா? அண்ணையிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் போய்க் கேட்பார், அதனால் அவருக்கு ஒரு பேச்சு விழுந்தாலும் விழும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இவ்வளவும் பிறகு நான் கண்டுபிடித்த காரணங்கள். அந்த நேரம் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு அடுத்த குதிரைக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை பனிமூட்டமாக இருந்தது. ஓடுபாதையில் இருந்து லாயத்துக்கு வரும் வாசலில் நான் கயிறோடு நின்றேன். மூன்று குதிரைகள் வளைவில் திரும்பி வந்தன. முன்னால் இரண்டு, பின்னால் சாம்பல். மண் கிளம்பி அதன் முகத்தில் விழுவது தெரிந்தது. சாம்பல் தலையை வானத்துக்கு உயர்த்தி, வலது பக்கமாக ஒரேயடியாக விலகியது. அவள் பறந்துபோய் வெளிவேலியின் கம்பத்தில் தோள்பட விழுந்தாள். குதிரை நான் நின்ற வாசலைப் பார்த்து ஓடி வந்தது. மறிக்க வேண்டும் என்று தெரிந்தும் நான் வேலியோடு ஒட்டிக்கொண்டேன். அது என் நெஞ்சுக்கு ஒரு முழத்துக்குள்ளால் போனது. சேணத்தின் கால்வளையம் அடித்து என் மேற்சட்டை கிழிந்தது.

அவள் எழும்பவில்லை. முகம் வெள்ளையாக இருந்தது, கண் திறந்திருந்தது. அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணை தன் குளிர் ஜக்கெட்டால் அவளை மூடினார். பயிற்சியாளர் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்தார், ஆனால் சொன்னது வேறு. அம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கத் தெரியாதவள், நல்ல குதிரையைப் பழுதாக்கிவிட்டாள், இனி இங்கே ஓட்டத் தேவையில்லை என்று அவர் சொன்னதாக அண்ணை எனக்கு மெல்லச் சொன்னார். தன்னுடைய பிழைதான் என்று அவளும் நினைத்திருக்கலாம்.

நான் லாயத்துக்குப் போனேன். சாம்பல் தன் அடைப்புக்குள் நடுங்கிக்கொண்டு நின்றது. இடது கண் முழுக்க மூடியிருந்தது.

திரும்பி வந்து பயிற்சியாளருக்கு முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நாலு சொற்கள்தான் வந்தன. கண். இடது. மூன்று நாள். அவருக்கு விளங்கவில்லை. என் இடது கண்ணைப் பொத்திக் காட்டி, திரும்பவும் சொன்னேன். அண்ணை என்னைப் பார்த்தார்.

“மூண்டு நாளா? நீர் கண்டனீரா?”

“ஓம் அண்ணை. திங்கட்கிழமையே கண்டனான்.”

“ஏன் காணும் எனக்குச் சொல்லேல்ல?”

அண்ணை திரும்பி அதைப் பயிற்சியாளருக்குப் பிரெஞ்சில் சொன்னார்.

மிருக வைத்தியர் ஒரு மணி நேரத்தில் வந்தார். கண்ணில் ஒரு சொட்டு நிறமருந்து விட்டு, நீல வெளிச்சத்தைப் பிடித்தார். கருவிழியின் மேல் ஓர் இடம் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது. மண்துணிக்கை கீறிய புண். இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் கண் போயிருக்கும் என்றார். அந்தக் கண்ணில்தான் ஒவ்வொரு காலையும் மண் வந்து அடித்திருக்கிறது. பயிற்சியாளர் அந்தப் பச்சைப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளைக்கு வர வேண்டுமா என்று கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அதிகம் கேட்கவில்லை. “அந்தப் பிள்ளையைப் போய்ப் பாத்தனீங்களோ?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் வைத்தியசாலைக்குப் போனேன். அண்ணை கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அவளுக்குக் காறையெலும்பும் இரண்டு விலா எலும்புகளும் உடைந்திருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எனக்கு வந்த ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். திங்கட்கிழமையே கண்டேன் என்பதையும் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கதைத்தாள். அவள் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்.

“உங்கட பாஷையில சத்தம் போட்டிருந்தாலும் நான் நிண்டிருப்பன். என்ன சொல்லுறீங்கள் எண்டு விளங்காட்டிலும் நிண்டிருப்பன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கிளம்பும்போது, கண் தப்புமா என்று கேட்டாள். தப்பும் என்றேன். அடிபடாத கையின் விரல்களை அசைத்து விடைகொடுத்தாள்.

சனிக்கிழமை காலை அண்ணையின் வான் வழக்கம்போல வாசலில் நின்றது. வேலை போகவில்லை. பயிற்சியாளர் என்னோடு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ஆனால் சாம்பலுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்மருந்து விடும் பொறுப்பில் என் முறையையும் எழுதி வைத்திருந்தார். அந்தப் பெண்ணையும் அவர் போய்ப் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்ன சொன்னார் என்று தெரியாது. வசந்தத்தில் அவள் திரும்பி வந்து அதே குதிரையில் ஏறினாள்.

கண் ஆறியதும் மண்ணில் பறக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. கண்ணுக்கு வலைமூடி போட்டு எல்லைக்கு அப்பால் இரண்டு தடவை ஓட விட்டார்கள். முதல் தடவை ஏழாவது, அடுத்தது கடைசிக்கு முந்தினது. மற்றக் குதிரைகள் பாய்ந்து போக, அது தன் பழக்கத்தில் ஆறுதலாகத் தொடங்கி, வேகம் எடுக்கிற நேரம் பந்தயம் முடிந்திருந்தது. அந்தக் கோடையில் அதே இடத்தில் புல்தரையில் விட்டார்கள். வென்றுவிட்டது. செய்தியை அண்ணைதான் வானுக்குள் வைத்துச் சொன்னார்.

அடுத்த வருடம் நான் டோர்வலில் விமான நிலைய வேலைக்கு மாறினேன். இப்போது எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் புதிதாக வந்தவர்கள், ஒன்றும் கதைக்காமல் சொன்னதைச் செய்பவர்கள். அவர்களை நல்ல வேலைக்காரர்கள் என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்கும்போது, நானும் அப்படி ஒரு நல்ல வேலைக்காரனாக மூன்று நாள் இருந்தவன் என்பது எனக்குத் தவறாமல் நினைவுக்கு வருகிறது.